துணிக்கூரை கார் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறேன். வீட்டு வாசலில் நிற்பது மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, அதாவது 1998லிருந்து 2005 வரை வந்த வகை. இரண்டு இருக்கை, துணிக்கூரை, பின்னால் கண்ணாடி ஜன்னல். இந்த மாதிரி கார் வைத்திருக்கும் நண்பர்கள் அக்டோபர் பிறந்ததும் ஒருவர் பின் ஒருவராக ஃபோன் போட்டு "உள்ளே தண்ணி வருது, என்ன பண்றது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் எம்எக்ஸ்-5ஐ வைத்து வரும், ஆனால் தண்ணீர் போகும் விதம் எல்லாத் திறந்த கார்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கூரை ஒழுகுகிறது. முதலில் எந்த ரப்பரை மாற்ற வேண்டும்?

எதையும் வாங்காதீர்கள், முதலில் வடிகாலைப் பாருங்கள்.

கூரை மூடியிருந்தால் ஒரு சொட்டும் உள்ளே வராது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் இந்தக் கார்கள் அப்படிச் செய்யப்பட்டவை இல்லை. கூரைத்துணியின் பின் ஓரத்தில் வழியும் மழைநீர் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும், அதை ஏந்திக்கொள்ள அடியில் ஒரு பிளாஸ்டிக் பீலி ஓடுகிறது, ஓட்டு வீட்டில் இறவாணத்துக்குக் கீழே தகரப் பீலி கட்டியிருப்பார்களே, அதே வேலைதான். அந்தப் பீலி இரண்டு பக்கமும் சரிந்து, இருக்கைகளுக்குப் பின்னால், சீட் பெல்ட் தூணை ஒட்டிய மூலையில் ஒரு துளைக்குள் தண்ணீரை விடுகிறது, அங்கிருந்து ஒரு குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் காரின் அடியில் வெளியே போய்விடுகிறது. இந்தத் துளை அடைத்தால் பீலி நிரம்பும். நிரம்பினால் வழியும். வழிந்தால் உங்கள் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கார்பெட்தான் முதலில் நனையும், கூரையில் ஒரு ஊசித்துளைகூட இல்லாவிட்டாலும்.

நான் வாங்கிய முதல் குளிர்காலத்தில் இது தெரியாமல் இரண்டு கதவுக்கும் புது பீடிங், அதாவது ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டை, வாங்கிப் போட்டேன். ஈரம் அப்படியே இருந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன், கூரை ஓரம் முழுக்க சிலிகான் பூசித் தந்தார்கள், அப்போதும் ஈரம் போகவில்லை. கடைசியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக இங்கே மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், காரைச் சுற்றிக்கூட வராமல் சொன்னார்: "தம்பி, ரப்பரை விடும். தண்ணி எதாலை வெளியிலை போகுது எண்டு முதல்லை பாரும்." போய்ப் பார்த்தேன். வலது பக்கத் துளைக்குள் டார்ச் அடித்தால் கறுப்பாக, தேயிலைச் சக்கை மாதிரி ஒரு மண்டி, அதற்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் அசையாமல் நின்றது.

வடிகால் அடைத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு லிட்டர் தண்ணீர் போதும். கூரையைப் பாதி தூக்கி, மூலையிலுள்ள துளை தெரியும்படி வைத்துக்கொண்டு, சொம்பாலோ பூவாளியாலோ மெதுவாக ஊற்றுங்கள். நல்ல வடிகாலாக இருந்தால் ஊற்றும் வேகத்திலேயே பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. ஒன்றும் வரவில்லை, மேலே தண்ணீர் ஏறுகிறது என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றும் நடக்கலாம், அதுதான் மோசமானது: மேலே தண்ணீர் சரசரவென்று இறங்குகிறது, ஆனால் கீழே ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் குழாய் எங்கோ கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது, தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற இரும்புச் சட்டத்துக்குள், இங்கே 'சில்' என்பார்கள், அதற்குள் போய்ச் சேர்கிறது. பழைய எம்எக்ஸ்-5கள் பின் சக்கரத்துக்கு முன்னால் துருப்பிடித்து ஓட்டையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளிருந்து தின்றுகொண்டே வரும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் வருடாந்தர எம்ஓடி சோதனையில் தேறாது, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டியதுதான்.

எதை வைத்துக் குத்தி எடுப்பது?

கோட் ஹேங்கர் கம்பி வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். உள்ளே இருப்பது ரப்பரோ பிளாஸ்டிக்கோதான், ஒரே குத்தில் கிழியும். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பு இருக்கிறதல்லவா, அதில் ஒரு மீட்டர் எடுத்து, முனையை நெருப்பில் லேசாகக் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு, திருகித் திருகி உள்ளே விடுங்கள். டிராம்போன் என்ற ஊதுகருவியைச் சுத்தம் செய்ய இரண்டு முனையிலும் பிரஷ் வைத்த ஒரு நீளமான ஸ்பிரிங் கம்பி விற்கிறார்கள், அது இந்த வேலைக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது, என்னிடம் இருப்பதும் அதுதான்.

குத்துவதற்கு முன்னால் மேலே கிடக்கும் இலை தழையைக் கையாலோ வேக்குவத்தாலோ எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவீர்கள். கம்ப்ரெசர் காற்றை மேலிருந்து அடிக்காதீர்கள். அடைப்பு போகிறதோ இல்லையோ, குழாய் இணைப்பிலிருந்து கழன்றுபோகும், பிறகு மேலே சொன்ன துருக் கதைதான். சில கார்களில் குழாயின் கீழ் முனையில் வாத்து வாய் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும், அதை இரண்டு விரலால் அமுக்கினாலே பாதி மண்டி தானாக விழும்.

எனக்கு அன்றைக்கு முதலில் ஒன்றும் அசையவில்லை. வெந்நீர் கொஞ்சம் விட்டேன், பத்து நிமிஷம் ஊறவிட்டேன், மறுபடி பிரஷைத் திருகினேன். திடீரென்று 'களக்' என்று ஒரு சத்தம், கீழே குனிந்து பார்த்தால் கறுப்புக் கூழாக மண்ணும் மக்கிய இலையும் பைன் ஊசிகளும் சிமென்ட் தரையில் விழுந்து பரவிக்கொண்டிருந்தது, மழைக்காலத்தில் வாய்க்கால் தூர்வாரும்போது வருமே, அதே வாடை. அதற்குப் பிறகு அந்தக் காரின் பின்பக்கக் கார்பெட் நனையவில்லை.

வடிகால் சுத்தமாக இருக்கிறது. இன்னும் ஒழுகுகிறது. எங்கிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: அடுப்படியில் சொட்டினால் உடைந்த ஓடு அடுப்படிக்கு நேர் மேலே இருக்காது. தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்து வந்துதான் சொட்டும். காரிலும் அப்படியே. நனைந்த இடத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

ஆள் துணை வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சும் டிஷ்யூ பேப்பரும் வைத்துக்கொண்டு உட்காரட்டும். வெளியே இருப்பவர் தோட்டக் குழாயை முனை மாட்டாமல், சும்மா வழியும் அளவுக்கு மட்டும் திறந்து, கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலில் கதவின் கீழ்ப்பாதி, பிறகு கண்ணாடியின் கீழ் ஓரம், பிறகு கண்ணாடியின் பின் ஓரம், பிறகு மேல் ஓரம், கடைசியாக முன் கண்ணாடிச் சட்டத்தோடு கூரை சேரும் இடம். ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து நிமிஷம் கொடுங்கள். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது எதிலிருந்து வந்தது என்றே தெரியாமல் போய்விடும், பலரும் செய்யும் தவறு இதுதான். பிரஷர் வாஷரால் சோதிக்காதீர்கள், அந்த அழுத்தத்துக்கு நல்ல ரப்பரும் விட்டுக்கொடுக்கும்.

துணைக்கு ஆள் இல்லையென்றால் மாஸ்கிங் டேப் இருக்கிறது. சந்தேகப்படும் இணைப்பின் மேல் டேப்பை ஒட்டிவிட்டு ஒரு மழைக்கு விடுங்கள். ஒழுகல் நின்றால் இடம் அதுதான். நிற்கவில்லையா, அடுத்த இணைப்புக்கு நகருங்கள். நாள் பிடிக்கும், ஆனால் தவறாகப் போகாது.

கதவுக் கண்ணாடியின் மேல் மூலையில் சொட்டுகிறது, என் தோளிலேயே விழுகிறது.

இந்தக் கார்களில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது, கண்ணாடி ஏறிப்போய் ரப்பரில் அழுந்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தம் போதுமா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். சும்மா உருவிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. ஒவ்வொரு கையகல தூரத்துக்கும் இதைச் செய்து, தளர்ந்த இடத்தில் டேப்பால் அடையாளம் வையுங்கள். ரப்பரின் மேல் சாக்பீஸ் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறந்தாலும் கண்ணாடி எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று வெள்ளைக்கோடு காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலும் ரப்பர் காரணமாக இருக்காது, கண்ணாடி நின்ற இடம்தான் காரணம். பழைய கார்களில் கதவின் உள்பலகையைக் கழற்றினால் கண்ணாடி எவ்வளவு மேலே ஏறலாம், எவ்வளவு உள்பக்கம் சாயலாம் என்று கட்டுப்படுத்தும் போல்ட்டுகள் இருக்கும். தளர்த்தும் முன் அவை இப்போது நிற்கும் இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஃபோனில் படமும் எடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். கண்ணாடியை ரொம்ப உள்ளே சாய்த்தால் ரப்பர் கிழியும், கதவு சாத்தவும் கஷ்டப்படும்.

ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் அளவு தானாக இறங்கும், சாத்தியதும் ஏறும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு அந்த ஞாபகம் போய்விடுவதுண்டு, கண்ணாடி கடைசி வரை ஏறாமல் நின்றுவிடும், மழை வந்தால் சொட்டும். கண்ணாடியை முழுக்க இறக்கி பொத்தானைச் சில நொடி பிடித்து, முழுக்க ஏற்றி மறுபடி சில நொடி பிடித்தால் பல கார்களில் சரியாகிவிடும். உங்கள் காருக்கான முறையை அதன் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள்.

முன் கண்ணாடிக்கு மேலே, கூரை பூட்டும் இடத்தில்?

கொக்கி தளர்ந்திருக்கும். எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் பூட்டுக் கொக்கியின் நீளத்தைத் திருகிக் குறைக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறையுங்கள். ஒரு கையால் பூட்ட முடிய வேண்டும், ஆனால் கொஞ்சம் பலம் கொடுத்துத்தான் பூட்ட வேண்டும், அந்த அளவு இறுக்கம் சரி.

பீடிங் காய்ந்து போயிருக்கிறது. வாசலின் தடவலாமா?

கூடாது. இந்த ரப்பர்கள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற வகை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது உப்பி, கொழகொழவென்றாகிப் பிறகு வடிவமே போய்விடும். தடவிய அன்றைக்குப் பளபளவென்று நன்றாகத்தான் தெரியும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிலிகான் கிரீஸ் நல்லது. ஜெர்மனியிலிருந்து வரும் கும்மி ஃப்ளேகே என்ற திரவமும் நல்லது, அதன் பஞ்சு முனையால் நேராகத் தேய்த்துக்கொண்டே போகலாம். ஃபோல்க்ஸ்வாகன் ஈயோஸ் வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதல் அக்கறை உள்ள விஷயம், ஐந்து துண்டாக மடியும் கூரை, எக்கச்சக்கமான ரப்பர் இணைப்புகள், அவற்றுக்கென்று உள்ள பிரத்யேக கிரீஸை ஒழுங்காகப் போட்டு வந்தால்தான் ஒழுகாமல் இருக்கும்.

முதலில் ஈரத்துணியால் அழுக்கை எடுத்து, காயவிட்டு, பிறகு மெல்லியதாகத் தடவுங்கள். அழுக்கின் மேல் தடவினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். நசுங்கித் தட்டையாகி, விரலால் அமுக்கினால் திரும்பி எழாத ரப்பருக்கு எந்த மருந்தும் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது இழுத்து நீட்டி ஒட்டாதீர்கள், சில வாரத்தில் அது சுருங்கி மூலையில் இடைவெளி விடும்.

சிலிகான் பூசி அடைத்துவிட்டால் என்ன?

குளியலறைக்குப் போடும் சிலிகானைத்தான் கேட்கிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அமிலம் விடுகிறது, அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஒரு தடவை பூசினால் அந்த இடத்தில் அப்புறம் பெயின்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. வெளியே போக வேண்டிய தண்ணீரையும் அது உள்ளேயே கட்டிவைக்கும். என் காரில் பட்டறைக்காரர்கள் பூசியதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது, பீலியின் வாய் ஓரத்திலும் அவர்கள் பூசியிருந்தார்கள்.

முன் கண்ணாடிச் சட்டத்தில் தலைமுடி அளவு விரிசல் இருந்தால் கேப்டன் டாலிஸ் என்று படகுக்காரர்கள் பயன்படுத்தும் பால் மாதிரி ஒரு திரவம் இருக்கிறது. விரிசலின் மேல் சொட்டாக விட்டால் தானாக உள்ளே ஊர்ந்து போய்க் காய்ந்து அடைக்கும். அரை மணிக்கு ஒரு தடவை, உள்ளே இழுப்பது நிற்கும்வரை விட வேண்டும். பெரிய இடைவெளிக்கு உதவாது.

துணியே தண்ணீரை இழுக்கிறதா?

தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணி கறுத்து ஊறினால், மேல் பூச்சு தேய்ந்துவிட்டது. அதனால் உடனே உள்ளே சொட்டும் என்று அர்த்தமில்லை, துணிக்கூரையின் நடுவில் ஒரு ரப்பர் அடுக்கு இருக்கிறது, தண்ணீரைத் தடுப்பது அதுதான். ஆனால் ஊறிய துணியில் பாசி பிடிக்கும், தையல் அழுகும். மெல்லிய பிரஷால் கழுவி, முழுக்கக் காயவைத்து, துணிக்கென்று உள்ள நீர்விலக்குப் பூச்சை மெல்லியதாக இரண்டு தடவை அடியுங்கள், அடுத்த 24 மணி நேரம் மழை இல்லாத நாளாகப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை போதும். வினைல் கூரைக்கு இந்தப் பூச்சு வேண்டாம், அதற்கு வேறு.

பின் ஜன்னல் கண்ணாடியை விட்டுத் துணி பிரிந்தால் அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. இழுவிசையில் இருக்கும் துணியைப் பிடித்து வைத்து ஒட்ட வேண்டும், கூரை வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

முன்பக்கம் கால் வைக்கும் இடம்தான் நனைகிறது.

அப்படியானால் கூரையை மறந்துவிடுங்கள். கதவுக் கண்ணாடியின் வெளிப்புறம் வழியும் தண்ணீர் கதவுக்குள் போவது சகஜம், கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். அந்தத் துளைகளை ஒரு குச்சியால் சுத்தம் செய்யுங்கள். கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், ஸ்பீக்கர் மாற்றியவர்கள் அதைக் கிழித்துவிட்டுப் போயிருப்பார்கள், தண்ணீர் அந்தக் கிழிசல் வழியே உள்ளே வரும். பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் டேப்பால் திரும்ப ஒட்டினால் தீர்ந்தது. வைப்பருக்குக் கீழே இலை சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைநீரே இல்லை, ஹீட்டரிலிருந்து கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது.

டிக்கிக்குள் தண்ணீர்?

மூன்றாவது பிரேக் லைட்டின் கேஸ்கெட் (விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீரைத் தடுக்கும் அடுக்கு), பின் விளக்குகளின் கேஸ்கெட், ஏரியல் அடிப்பகுதி, டிக்கி பீடிங், இந்த வரிசையில் பாருங்கள். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5களில் பேட்டரியும் டிக்கிக்குள்தான், அதனால் தள்ளிப் போடாதீர்கள். இருட்டிய பிறகு உள்ளே ஒரு பிரகாசமான டார்ச்சை எரியவிட்டு மூடி, வெளியே சுற்றிப் பார்த்தால் வெளிச்சம் கசியும் இடம் தெரியும். ஆளை உள்ளே வைத்து மூடும் வேலை வேண்டவே வேண்டாம்.

ஒழுகல் நின்றுவிட்டது, ஆனால் கண்ணாடி உள்பக்கம் இன்னும் ஆவி படிந்து மங்குகிறது.

கார்பெட்டுக்கு அடியில் தடித்த பஞ்சு இருக்கிறது, அது லிட்டர் கணக்கில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், முழங்கையால் அழுத்தினால் பிழிந்துகொண்டு வரும். இருக்கையைக் கழற்றாமல் இது காயாது. எம்எக்ஸ்-5இல் ஒரு இருக்கைக்கு நாலு போல்ட், 14 மில்லிமீட்டர் ஸ்பேனர். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிஷம் காத்திருந்த பிறகே இருக்கைக்கு அடியிலுள்ள வயர்களைப் பிரியுங்கள், பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காரில் இது கட்டாயம். கார்பெட்டைத் தூக்கி, அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, ஈரம் உறிஞ்சும் வேக்குவம் போட்டு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் ஒன்றை இரண்டு மூன்று நாள் உள்ளே ஓடவிடுங்கள். தூக்கியிருக்கும்போதே அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மின்சாரக் கூரை உள்ள காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அங்கே ஆபத்து இன்னும் அதிகம். முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ இசட்4இல் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் பம்பின் மோட்டார் கூரை மடியும் குழியின் அடியில், வடிகாலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வடிகால் அடைத்தால் மோட்டார் மூழ்கிவிடும், கூரை திறக்கவே திறக்காது. வாங்கப் போகிறவர்கள் கூரையை இரண்டு தடவை திறந்து மூடிப் பாருங்கள், தண்ணீர் ஊற்றியும் பாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை வடிகாலைப் பார்க்க வேண்டும்?

மரத்தடியில் நிறுத்துபவர் என்றால் இலை உதிரும் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மாதம் ஒரு முறை. மற்றவர்களுக்கு இலை உதிர்ந்து முடிந்ததும் ஒரு முறை, வசந்தத்தில் ஒரு முறை போதும். கூரையைத் திறக்கும் முன் அதன் மேல் கிடக்கும் இலைகளைக் கையால் தட்டிவிடுங்கள், மடியும்போது அத்தனையும் நேராகப் பீலிக்குள்தான் விழுகிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் பிளாஸ்டிக் பின் ஜன்னலை ஜிப் கழற்றிப் படுக்க வைத்துவிட்டே கூரையை இறக்குங்கள், கடுங்குளிரில் அதை மடித்தால் வெடித்துவிடும்.

கடைசியில் கூரையையே மாற்றுவதாக முடிவு செய்துவிட்டேன். எதைக் கவனிக்க வேண்டும்?

விலை பேசும்போதே அந்தப் பிளாஸ்டிக் பீலியும் புதிதாக வருமா என்று கேளுங்கள். இருபது வருஷப் பிளாஸ்டிக் கழற்றும்போதே போல்ட் துளைகளில் விரிந்துவிடும், அதையே திரும்ப மாட்டினால் புதுக்கூரைக்குக் கீழே பழைய ஒழுகல் தொடரும். வேலை முடிந்து சாவியை வாங்கும் முன், அவர்கள் கண்ணெதிரே இரண்டு மூலையிலும் ஒரு லிட்டர் ஊற்றி, கீழே வருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.